முதலில் கிரேனை எண்ணுங்கள்

வேலையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருக்கும். பில்டர் ஆபீஸின் மார்க்கெட்டிங் பிரிவாக இருக்கலாம், வங்கியின் வீட்டுக்கடன் பிரிவாக இருக்கலாம், ஏதாவது ப்ராப்பர்ட்டி கன்சல்டன்சியாகவும் இருக்கலாம். வியாழக்கிழமை சாயங்காலம் மேலாளர் வந்து நிற்பார். "பெரும்பாக்கம் பக்கம் அடுத்த வருஷம் எப்படிப் போகும்னு ஒரு பேஜ் எழுதிக் கொடுப்பா. திங்கட்கிழமை மீட்டிங் இருக்கு."

உடனே பலரும் செய்வது ஒன்றுதான். நைட் ஃபிராங்க், அனராக், ஜேஎல்எல் என்று கைக்குக் கிடைத்த அறிக்கையைத் திறப்பார்கள். சென்னையின் விலை இத்தனை சதவீதம் ஏறும் என்ற வரியை எடுப்பார்கள். சென்னை என்ற இடத்தில் பெரும்பாக்கம் என்று போடுவார்கள். மீட்டிங்கில் யாராவது "இது எந்தச் சென்னை?" என்று ஒரு கேள்வி கேட்டால் அந்தப் பக்கம் அங்கேயே முடிந்துவிடும். கேட்கவும் செய்வார்கள். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அரசாணைப்படி 5,904 ஆக விரிந்தது. அறிக்கை எழுதும் நிறுவனங்களோ தத்தம் வசதிப்படி எல்லை போட்டுக்கொள்கின்றன. திருவான்மியூரையும் திருமழிசையையும் ஒரே சராசரியில் போட்டுப் பெறும் எண்ணை வைத்து எந்த பில்டரும் நிலம் வாங்கியதில்லை.

விலை கடைசியில்

கணிப்பில் மூன்று கேள்விகள் உண்டு. எத்தனை வீடு புதிதாக வரும், எத்தனை விற்கும், என்ன விலைக்கு விற்கும். எல்லோருக்கும் மூன்றாவதற்குத்தான் பதில் வேண்டும். அதனால் புதியவர்களும் அங்கேயே தொடங்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை நேர்மாறானது. மூன்றில் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிவது புதுக் கட்டுமானம் மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டால் விற்பனையை ஓரளவு ஊகிக்கலாம். இரண்டும் கையில் இருந்தால் விலை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லும் தைரியம் வரும்.

அடுக்குமாடி ராத்திரியில் முளைப்பதில்லை. சிஎம்டிஏ அல்லது டிடிசிபி திட்ட அனுமதி, பிறகு ரெரா பதிவு, பிறகு விளம்பரம், அதற்கப்புறம் வருடக்கணக்கில் வேலை. 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரமான கட்டட விதிகள் வந்துவிடும், அனுமதியும் நீளும். ஆக, அடுத்த இரண்டு வருடத்தில் பெரும்பாக்கத்தில் சாவி கொடுக்கப்போகும் வீடுகளில் பெரும்பகுதி இன்றைக்கே ஏதோ ஒரு ஃபைலில் இருக்கிறது. அந்த ஃபைலில் பாதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 2017-இல் ரெரா நடைமுறைக்கு வந்த பிறகு, பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது. எத்தனை வீடு, எந்தத் தேதிக்குள் முடிப்போம் என்று பில்டரே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அது கிடைக்கும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. விளம்பரத்தில் உள்ள ஊர்ப்பெயரை வைத்துத் தேடாதீர்கள். "ஓஎம்ஆருக்கு மிக அருகில்" என்று போர்டு சொல்லும். அனுமதிக் கடிதத்தில் கிராமம் ஒட்டியம்பாக்கம் என்றோ அரசன்கழனி என்றோ இருக்கும். வருவாய்க் கிராமப் பெயரையும் சர்வே எண்ணையும் வைத்துத் தேடுங்கள். பெரும்பாக்கத்தை வாங்க வருபவர் சித்தாலப்பாக்கத்தையும் மேடவாக்கத்தையும் பார்க்காமல் போகமாட்டார், அதனால் அந்தக் கிராமங்களையும் சேர்த்தே ஓர் எக்செல் தாள் போடுங்கள். திட்டத்தின் பெயர், கிராமம், வீடுகளின் எண்ணிக்கை, எத்தனை படுக்கையறை, பதிவான தேதி, முடிப்பதாகச் சொன்ன தேதி. இவ்வளவு போதும்.

தாளில் வராதவை எவை என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையில் கட்டினாலும், எட்டு வீட்டுக்கு மிகாமல் கட்டினாலும் ரெரா பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டு. நங்கநல்லூரிலும் மடிப்பாக்கத்திலும் பழைய தனி வீட்டை இடித்து நாலு ஃபிளாட், ஆறு ஃபிளாட் போடும் சின்ன பில்டர்களின் தொழிலே இந்த அளவுக்குள்தான் நடக்கிறது. பெரிய அறிக்கைகள் இவர்களைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. மனைப்பிரிவுகளும் பல அறிக்கைகளில் வீட்டு விற்பனைக் கணக்கில் வராது. கூடுவாஞ்சேரி பக்கம் மனை வாங்கித் தானே வீடு கட்டுபவரை விட்டுவிட்டு அந்தப் பகுதியைக் கணித்தால் பாதிச் சந்தையைக் காணவில்லை என்று அர்த்தம்.

தாள் தயாரானதும் சைட்டுக்குப் போங்கள். ரெரா பதிவு இருக்கும், உள்ளே போனால் தகரவேலியும் ஒரு போர்வெல்லும் மட்டும் இருக்கும். அந்தத் திட்டம் சொன்ன தேதிக்கு வராது. அஸ்திவாரம் முடிந்ததா, எத்தனாவது தளம் ஓடுகிறது, டவர் கிரேன் நிற்கிறதா, நின்றால் ஆடுகிறதா? கிரேன் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும் செலவு. சும்மா நிறுத்தி வைத்திருந்தால் பணம் எங்கோ முட்டி நிற்கிறது. கட்டி முடித்த குடியிருப்பாக இருந்தால் இன்னொரு வேலை. மாலை ஏழரைக்கு மேல் போய் எத்தனை ஜன்னலில் வெளிச்சம் என்று பாருங்கள். பால்கனியில் துணி காயும் வீடு எத்தனை? வாசலில் இஸ்திரி வண்டி நிற்கும். எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் சொந்தக்காரர், எத்தனை பேர் வாடகைக்கு வந்த ஐடி பிள்ளைகள் என்று அந்த அண்ணனுக்குத் தெரிந்த அளவு அசோசியேஷன் செயலாளருக்கே தெரியாது. தண்ணீர் லாரி ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டி வைத்த வீடுகள் அதிகம் என்றால், விலை சற்று ஏறியதும் அவையெல்லாம் மறுவிற்பனைக்கு வரும். அதுவும் வரத்துதான், எந்த ஃபைலிலும் இல்லாத வரத்து.

விற்பனை: எந்தக் கவுன்டரில் எண்ணியது?

விற்றது என்று யார் எப்போது சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். பில்டருக்கு புக்கிங் வந்த நாளில் விற்பனை. வங்கிக்குக் கடன் அனுமதித்த நாள். பதிவுத்துறைக்குப் பத்திரம் பதிந்த நாள். இம்மூன்றுக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். புக்கிங்கில் ஒரு பகுதி கேன்சலாகும்; அதைக் கழிக்காமல் காலாண்டு அறிக்கையில் போடும் பில்டர்களும் உண்டு. "கேன்சலேஷன் போக நிகர எண்ணா?" என்று எப்போதும் கேளுங்கள். பதிவு எண்ணிக்கையிலோ புது வீடும் பழைய வீடும் கலந்தே வரும். போதாததற்கு, 2023 டிசம்பர் முதல் அடுக்ககங்களை யுடிஎஸ் எனப்படும் பிரிவுபடாத மனைப் பங்கும் கட்டடமும் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதியும் முறை வந்தது. அதற்கு முன் மனைப் பங்குக்குக் கிரயப் பத்திரம், கட்டடத்துக்குத் தனி ஒப்பந்தம். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள பத்திர மதிப்புகளை அப்படியே ஒப்பிட்டு ஒரு வரைபடம் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், அர்த்தம் இருக்காது.

காலாண்டு ஒப்பீட்டில் இன்னொரு பள்ளம், நம் பஞ்சாங்கம். ஆடியில் பத்திரப் பதிவு மந்தமாகும், ஆவணியில் கூட்டம் அள்ளும். மார்கழிக்கும் தைக்கும் அதே கதை. முகூர்த்த நாட்களுக்கும் ஆடிப்பெருக்குக்கும் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கிறது. வேற்று மாநிலத் தலைமையகத்தில் இருப்பவர் ஜூலை எண்ணை ஜூன் எண்ணோடு வைத்து "சரிவு" என்று எழுதிவிடுவார். அவருக்கு ஆடி தெரியாது, உங்களுக்குத் தெரியும். போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள்.

இனி கணக்கு. கையிருப்பு மாதம் என்ற ஒரே ஒரு எண்ணைச் சரியாகப் போடத் தெரிந்தால் மீட்டிங்கில் முக்கால்வாசி கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். உதாரணத்துக்கு, உங்கள் தாளில் உள்ள கிராமங்களில் விற்காமல் 480 வீடு இருக்கிறது என்று வையுங்கள். கடந்த பன்னிரண்டு மாதத்தில் நிகரமாக 360 விற்றது. மாதத்துக்கு 30. ஆக 16 மாதக் கையிருப்பு, கவலைப்பட ஒன்றுமில்லை. இப்போது முதலில் எண்ணிய புதுக் கட்டுமானத்தைக் கொண்டுவாருங்கள். வரும் வருடத்தில் புதிதாக 500 வீடு விற்பனைக்கு வருகிறது, விற்பனை வேகம் மாறவில்லை என்றால், வருட முடிவில் 620 வீடு மீதம், ஏறக்குறைய 21 மாதம். இன்றைக்கு நிம்மதியாகத் தெரியும் பகுதி ஒரு வருடத்தில் நெருக்கடிக்குப் பக்கத்தில் போகிறது. விலையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குள் கணிப்பின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது. என் கைக்கணக்கு இது: 15 மாதத்துக்குக் கீழே இருந்தால் பில்டர் பேரம் பேசமாட்டார், 24-ஐத் தாண்டினால் அவரே போன் செய்வார்.

விற்பனை வேகம் மாறுமா என்பதுதான் அடுத்த கேள்வி. அதை மாற்றக்கூடியவை வேலைவாய்ப்பும் வட்டியும். பெரும்பாக்கத்துக்கு சிறுசேரியும் சோழிங்கநல்லூரும்தான் படியளக்கின்றன; ஐடி கம்பெனிகள் ஆள் எடுப்பதை நிறுத்தினால் இங்கே சைட் விசிட் குறையும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் என்றால் தொழிற்சாலைகளைப் பாருங்கள்.

வட்டிக்கு ரெப்போ விகிதத்தைப் பின்தொடர்ந்தால் போதும். 2019 அக்டோபரிலிருந்து வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, பெரும்பாலும் ரெப்போவோடு. வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் அப்படி இல்லை, அவை தம் இஷ்டத்துக்குக் காலம் எடுத்துக்கொள்ளும். 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ அந்த வருட ஜூனுக்குள் 5.50-க்கு இறங்கியது. வாங்குபவருக்கு இது என்ன செய்யும்? இருபது வருடத்துக்கு 50 லட்சம் கடன் என்றால், 9 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 45,000 ரூபாய். 8 சதவீதத்தில் 41,800. அதே 45,000 கட்டத் தயாராக இருப்பவருக்கு 8 சதவீதத்தில் 53.8 லட்சம் கடன் கிடைக்கும். இந்தக் கூடுதல் மூன்றே முக்கால் லட்சத்தில் எவ்வளவு வாங்குபவர் கையில் தங்கும், எவ்வளவு பில்டர் கைக்குப் போகும் என்பதைக் கையிருப்பு மாதம் தீர்மானிக்கும்.

போர்டில் எழுதிய விலை

சென்னையில் சந்தை மந்தமானால் போர்டில் உள்ள சதுர அடி விலை இறங்குவது அரிது. ஏற்கெனவே வாங்கியவர்கள் வந்து சண்டை போடுவார்களே. அதனால் சலுகை வேறு வாசல் வழியாக வரும்: கார் பார்க்கிங் இலவசம், ஜிஎஸ்டி நாங்களே கட்டுகிறோம், பதிவுச் செலவு எங்களுடையது, மாடுலர் கிச்சன், சாவி வாங்கும்வரை இஎம்ஐ இல்லை. கட்டி முடிக்காத வீட்டுக்குப் பெரும்பாலும் 5 சதவீத ஜிஎஸ்டி. அதை பில்டர் ஏற்றுக்கொண்டாலே விலை ஏறக்குறைய 5 சதவீதம் இறங்கிய மாதிரிதான். சலுகைகளை ரூபாயாக்கிக் கழித்து, கைக்கு வரும் விலை என்று ஒரு பத்தி தாளில் வையுங்கள். இந்தப் பத்தி எங்கள் தொழிலில் பலரிடம் இல்லை. சேல்ஸ் டீமில் ஒரு நண்பர் இருந்தால் இதைத் தயாரிப்பது சுலபம், அதிகாரபூர்வமாகக் கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

அடுத்த பொறி சராசரி. போன வருடம் ஒரு பகுதியில் நூறு வீடு விற்றது. எண்பது வீடு சதுர அடி 5,500-க்கு, இருபது வீடு 9,000-க்கு. சராசரி 6,200. இந்த வருடமும் அதே நூறு, ஆனால் ஐம்பது 5,500-க்கு, ஐம்பது 9,000-க்கு. சராசரி 7,250. எந்த வீட்டின் விலையும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆனால் தலைப்பு "17 சதவீத விலையேற்றம்" என்று வந்துவிடும். பெரிய, ஆடம்பர வீடுகளின் பங்கு கூடும் காலங்களில் இப்படித்தான் செய்திகள் வருகின்றன. இரண்டு படுக்கையறை வீட்டை இரண்டு படுக்கையறை வீட்டோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் ஒரே திட்டத்தின் ஒரே மாதிரி வீட்டையே பின்தொடருங்கள். நகர அளவில் திசை தெரிந்தால் போதும் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியின் ரெசிடெக்ஸ் குறியீடு இருக்கிறது. கடனுக்காக வங்கிகள் செய்த மதிப்பீட்டை வைத்துக் காலாண்டுதோறும் வெளியாவது.

பத்திரத்தில் எழுதிய மதிப்பை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வழிகாட்டி மதிப்பின் நிழலில் நிற்கும் எண். 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக்கியது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்கு ஏறியது, கட்டணம் 2-க்கு இறங்கியது. 2024 ஜூலையில் மீண்டும் திருத்தம். இந்த மூன்று தேதிகளிலும் பத்திர மதிப்புகள் குதித்திருக்கும். சந்தை குதித்ததா என்பது வேறு விஷயம். மதிப்பு ஏறப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே அதற்குமுன் பதிந்துவிட வேண்டும் என்று கூட்டம் சேரும். அடுத்த மாதம் காலியாக இருக்கும். இரண்டுக்கும் விலையோடு சம்பந்தமில்லை.

மெட்ரோ, மேம்பாலம், விமான நிலையம் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்வார்கள். சுருக்கமாக எழுதுங்கள். 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில்தான் ஒப்புதல் கொடுத்தது. அதன் பெயரைச் சொல்லி சோழிங்கநல்லூரிலும் பூந்தமல்லியிலும் வீடு விற்கத் தொடங்கியது அதற்கு எத்தனையோ முன்னால். அறிவித்த நாளில் ஒரு பங்கு விலையில் ஏறிவிடும், மண் தோண்டும் காலத்தில் சாலை நெரிசலால் வாடகை சற்றுத் தொய்யும், ஓடத் தொடங்கினால் மீதி ஏறும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தபோது பக்கத்து ரயில் நிலையம் இன்னும் தயாராகவில்லை. திறப்பு விழாத் தேதியை வைத்து வண்டலூர், ஊரப்பாக்கம் விலையைக் கணித்தவர்கள் அந்த இடைவெளியைக் கணக்கில் கொண்டிருக்கமாட்டார்கள்.

திங்கட்கிழமைப் பக்கம்

எழுதும்போது ஒற்றை எண் வேண்டாம். "அடுத்த ஆண்டு விலை 8 சதவீதம் உயரும்" என்று எழுதினால் அது 3 ஆனாலும் 13 ஆனாலும் உங்கள் தலைதான் உருளும். இப்படி எழுதிப் பாருங்கள்: "அடுத்த நான்கு காலாண்டுகளில் இரண்டு படுக்கையறை வீடுகளின் கைக்கு வரும் விலை 0 முதல் 5 சதவீதம் வரை உயரலாம். கடன் வட்டி இப்போதைய அளவிலேயே இருக்கும், பதிவான 500 புது வீடுகளும் வருடத்துக்குள் விற்பனைக்கு வரும் என்று கொண்டுள்ளோம். கையிருப்பு 20 மாதத்தைத் தாண்டினால் கீழ் எல்லையை எடுத்துக்கொள்க." நீளம்தான். ஆனால் இதில் எதை மாற்றினால் எது மாறும் என்று படிப்பவருக்குத் தெரியும்.

அனுமானங்களை எழுதி வைப்பது தற்காப்பும்கூட. 2015 டிசம்பர் வெள்ளம் வேளச்சேரியையும் முடிச்சூரையும் மூழ்கடித்தது, வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது "இங்க தண்ணி நிக்குமா?" என்றானது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே வருடம் நவம்பரில் பணமதிப்பு நீக்கம். ஒரு வருடத்துக்குள் மூன்று அடி. 2015 தீபாவளிக்கு எழுதிய எந்தக் கணிப்பிலும் இவை இருந்திருக்க முடியாது. வெள்ளத்தை மட்டும் இனி யாரும் எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தைப் பற்றி எழுதும் பக்கத்தில் தண்ணீர் நிற்கும் தெருக்கள் பற்றி ஒரு வரியாவது இல்லையென்றால் அதை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பில்டர் ஆபீஸில் இருந்தால் சேல்ஸ் ஹெட் முகம் சுளிப்பார். "நம்ம ப்ராஜெக்ட்டை வெச்சுக்கிட்டு இப்படி எழுதினா எப்படிப்பா?" எல்லையைத் தளர்த்தாதீர்கள். "சார், விளம்பரத்துக்கு வேணும்னா தனியா எழுதித் தர்றேன். இது எத்தனை வீடு எப்ப லாஞ்ச் பண்ணணும்னு நாம முடிவு பண்றதுக்கு" என்று சொல்லிப் பாருங்கள். 21 மாதக் கையிருப்பு வரப்போகிறது என்று தெரிந்தால், இரண்டு டவரையும் ஒன்றாகத் தொடங்காமல் ஒன்றை ஆறு மாதம் தள்ளலாம், மூன்று படுக்கையறையைக் குறைத்து இரண்டைக் கூட்டலாம். இதற்காகத்தான் உங்களுக்குச் சம்பளம். வங்கியில் இருப்பவருக்கு வேலை நேர்மாறு. அவருடைய மேலதிகாரிக்கு எல்லையின் கீழ்முனை மட்டும் போதும். விலை அங்கே போய் நின்றாலும் கொடுத்த கடனுக்கு அடமானம் ஈடு கொடுக்குமா என்று பார்ப்பார். தாள் ஒன்றுதான், எழுதும் பக்கத்தின் முதல் பத்தியை மட்டும் யாருக்கு என்று பார்த்து மாற்றுங்கள்.

காலாண்டு முடிந்ததும் அதே தாளைத் திறந்து நடந்ததைப் பக்கத்துப் பத்தியில் நிரப்புங்கள். புது வரத்து, நிகர விற்பனை, கைக்கு வரும் விலை ஆகிய மூன்றில் எது எல்லைக்குள் விழுந்தது, எது வெளியே போனது என்று இரண்டு வரி. வரத்து குறைந்து வந்திருந்தால் எந்தத் திட்டம் நின்றது என்று பெயரோடு எழுதுங்கள். விற்பனை பிசகியிருந்தால் ஆடியா, வட்டியா, ஐடியா என்று பிரித்துச் சொல்லுங்கள். அடுத்த கணிப்பை அனுப்பும்போது இந்த இரண்டு வரியையும் உச்சியில் வைத்து அனுப்புங்கள், மேலாளர் கேட்பதற்கு முன்னாலேயே.